வயிற்றுப் பிள்ளையின் நிறை

வெள்ளவத்தை

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய ஸ்கான் ரிப்போர்ட்டை அப்பாவும் நானும் பார்த்தோம். 37 வாரம், 3.6 கிலோ. பெரியம்மா அதைக் கேட்டதுமே "சிசேரியன்தான்" என்று முடிவு கட்டிவிட்டா. போனில் உன் குரலும் சரியாக இல்லை. மகப்பேற்று வார்டில் காலம் முழுக்கத் தாதியாக நின்றவள் நான். இதை உனக்கு ஆறுதலாக எழுதினால்தான் விளங்கும் என்று பட்டது.

அந்த மெஷின் பிள்ளையை நிறுப்பதில்லை. தலையின் குறுக்களவு, தலைச் சுற்றளவு, வயிற்றுச் சுற்றளவு, தொடை எலும்பின் நீளம் ஆகியவற்றை அளந்து, ஒரு சூத்திரத்தில் போட்டு, இத்தனை கிராம் இருக்கலாம் என்று சொல்கிறது. 1985இல் அமெரிக்காவின் ஹூஸ்டனில் ஹட்லொக் என்ற டொக்டரும் கூட வேலை செய்தவர்களும் வெளியிட்ட சூத்திரங்களைத்தான் இன்றைக்கும் பல இடங்களில் பாவிக்கிறார்கள்.

நாலு அளவிலும் வயிற்றுச் சுற்றளவுதான் நிறையை ஏற்றி இறக்குவது. ஊட்டம் கூடினால் பிள்ளையின் ஈரல் பருக்கும், தோலுக்கடியில் கொழுப்பு சேரும். ஊட்டம் குறைந்தாலும் முதலில் காட்டிக்கொடுப்பது அந்த வயிறுதான். ஆனால் அளக்கக் கஷ்டமானதும் அதுவே. ஸ்கிரீனில் இரைப்பை ஒரு சின்னக் கறுப்புப் பொட்டாகத் தெரிய வேண்டும். தொப்புள் கொடியிலிருந்து உள்ளே போகும் இரத்தக் குழாயில் ஒரு துண்டு தெரிய வேண்டும். படமும் உருண்டையாக இருக்க வேண்டும். வயிற்றின் மேல் வைத்துப் பார்க்கும் கருவி, அந்தப் புரோப், கொஞ்சம் சரிந்தால் வட்டம் முட்டை வடிவாகிவிடும். அதைச் சுற்றிப் புள்ளிக்கோடு போட்டால், இருப்பதைவிடக் கொழுத்த பிள்ளையாகக் கணக்கு வரும். கடைசி வாரங்களில் தலை இடுப்புக்குள் இறங்கிவிட்டால் தலையளவும் ஒழுங்காகக் கிடைக்காது.

இவ்வளவும் சரியாக அமைந்தாலும் நூற்றுக்குப் பத்து, பதினைந்து கூடக்குறைய வரும். உன் 3.6 கிலோவுக்குப் பதினைந்து வீதம் என்றால் அரைக் கிலோவுக்கு மேல். பிள்ளை 3.1 கிலோவாகவும் இருக்கலாம், 4.1 கிலோவாகவும் இருக்கலாம். ரிப்போர்ட்டில் கிராம் வரைக்கும் அச்சடித்திருப்பதால்தான் அது தராசில் வைத்தது போலத் தெரிகிறது.

அடுத்த கிழமையே இன்னொரு ஸ்கான் எடுக்கட்டுமா என்று கேட்டாய். வேண்டாம், பிள்ளை. இந்த நேரத்தில் ஒரு கிழமைக்குச் சுமார் 200 கிராம்தான் ஏறும். ஸ்கானின் பிழையே அதைவிடப் பெரிது. வளர்ச்சியைப் பார்க்க இரண்டு, மூன்று கிழமையாவது இடைவெளி வேண்டும். அதைவிட, 28 வாரத்திலும் 32 வாரத்திலும் எடுத்த ரிப்போர்ட்டுகளை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார். நிறை ஒரே சீராக ஏறி வந்திருந்தால் எனக்குப் போதும். இங்கே கிளினிக்கில் மிட்வைப் மிஸ் நாடாவால் வயிற்றின் உயரத்தை அளந்து அட்டையில் புள்ளி போடுவாவே, அதிலும் நாங்கள் பார்த்தது அந்தப் போக்கைத்தான். கை பழகியவர்கள் வயிற்றைத் தடவிச் சொல்லும் நிறை, கடைசி மாதத்தில் மெஷினுக்குப் பெரிதாகக் குறைந்ததும் இல்லை.

பிள்ளை பெரிதென்றால் பிறக்கும்போது தோள் சிக்கிவிடுமோ என்பது நியாயமான பயம். நானே அதைப் பார்த்திருக்கிறேன், லேசாகச் சொல்லவில்லை. ஆனால் உனக்குச் சீனி வருத்தம் இல்லை. நிறையை மட்டும் வைத்து சிசேரியனை யோசிப்பதற்கு அமெரிக்க மகப்பேற்று மருத்துவர்களின் சங்கம் சொல்லும் அளவு, சீனி இல்லாத தாய்க்கு 5 கிலோ, சீனி உள்ள தாய்க்கு 4.5 கிலோ. நீ அதற்குக் கிட்டவும் இல்லை. பெரிய பிள்ளை என்று சொல்லிவிட்டாலே, பிறகு பிள்ளை சாதாரண நிறையில் பிறந்தாலும் சிசேரியன் கூடுகிறது என்று ஆய்வுகளில் கண்டிருக்கிறார்கள். அதனால் டொக்டர் ஒப்பரேஷன் பற்றிப் பேசினால், நிறையைத் தவிர வேறு காரணம் இருக்கிறதா என்று மருமகனையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேள். இருந்தால் தயங்காமல் சம்மதி. வெட்டுவதில் ஒரு குறையும் இல்லை.

அப்புறம் ஒன்று. பிள்ளையின் அசைவு வழமையைவிடக் குறைந்ததாகத் தெரிந்தால், ரிப்போர்ட்டில் என்ன இருந்தாலும் சரி, விடியட்டும் என்று இருக்காதே. உடனே ஆஸ்பத்திரிக்குப் போ. போகும் வழியில் எனக்குப் போன் எடுத்தால் போதும்.

அன்புடன்,
அம்மா