ஜெத்தா கோபுரம்: 63 மாடி என்ன நிலையில் இருக்கிறது?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சவூதி அரேபியாவில், செங்கடல் ஓரத்தில் எழும்பும் ஜெத்தா கோபுரம் பற்றிய செய்திகளில் 1,000 மீட்டர் உயரமும், 828 மீட்டர் புர்ஜ் கலீஃபாவை அது மிஞ்சப்போவதும்தான் பெரிதாக வருகின்றன. ஒரே கட்டடத்தில் ஓட்டல், வீடு, அலுவலகம் என்பது அடுத்த வரி. 2018 தொடக்கத்தில் வேலை நின்றது. 2025 ஜனவரியில் மறுபடி தொடங்கியபோது 63 மாடி முடிந்திருந்ததாக அறிவித்தார்கள். ஏழு வருடம் உப்புக்காற்று வாங்கிய அந்த 63 மாடியைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

அஸ்திவாரம் பெரிய கவலை இல்லை. மண்ணுக்குள் இறங்கும் கான்கிரீட் தூண்களான பைல்கள் 270, சில 105 மீட்டர் ஆழம் வரை. அவற்றின் மேலே சுமார் 5 மீட்டர் கனத்தில் ராஃப்ட் என்ற கான்கிரீட் மேடை. வேலை நின்றிருந்த காலத்தில் கட்டடம் எத்தனை மில்லிமீட்டர் இறங்கியது என்று அளந்து வைத்திருந்தால் அது லாபம்தான்.

சிக்கல், வேலை நின்ற இடத்தில் மேலே நீட்டிக்கொண்டிருந்த கம்பிகளில். மேலோட்டமான செந்துரு கெடுதல் இல்லை. கான்கிரீட்டோடு பிடிப்பும் குறையாது. கடலோரத்தில் பயப்பட வேண்டியது குழித்துரு. உப்பிலுள்ள குளோரைடு ஒரே புள்ளியில் உட்கார்ந்து உள்ளே துளைக்கும். வயர் பிரஷ் போட்டால் வெளிப்பொருக்கு உதிர்ந்து கம்பி பளபளக்கும், குழிக்குள் உப்பு அப்படியே இருக்கும். மணல் பீய்ச்சிச் சுத்தம் செய்து, நல்ல தண்ணீரை அழுத்தத்தில் அடித்துக் கழுவ வேண்டும். பிறகு துண்டு வெட்டி எடை போட வேண்டும். சைட்டில் எல்லோருக்கும் தெரிந்த கணக்குதான்: மி.மீ.யில் விட்டத்தின் வர்க்கத்தை 162-ஆல் வகுத்தால் மீட்டருக்கு எத்தனை கிலோ என்று வரும். 32 மி.மீ. கம்பிக்கு 6.32 கிலோ. இந்தியத் தரவிதி 3 சதவீதம் வரை குறைய விடும், 6.13-க்குக் கீழே போனால் கழிக்க வேண்டியதுதான். ஆனால் எடை சராசரியைத்தான் காட்டும். ஒரு இடத்தில் 4 மி.மீ. குழி இருந்தாலும் எடை சரியாக வரலாம். அதனால் குழியின் ஆழத்தைத் தனியாக அளந்து, கம்பியை இழுத்து வலுவைப் பார்க்கும் இழுவைச் சோதனையும் செய்ய வேண்டும்.

கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பிக்கு வேறு சோதனை. சுவரில் துளையிட்டு 10 மி.மீ.க்கு ஒரு முறை தூள் எடுத்து குளோரைடு பார்ப்பார்கள். கம்பி இருக்கும் ஆழத்தில் அது சிமென்ட் எடையில் 0.4 சதவீதத்தைத் தாண்டினால் துருவுக்கு வழி திறந்துவிட்டது என்று பொருள். கம்பிக்கும் கான்கிரீட் மேல்பரப்பில் வைக்கும் மின்முனைக்கும் இடையே பார்க்கும் மின்னழுத்தச் சோதனையில் மைனஸ் 350 மில்லிவோல்ட்டுக்கும் கீழே போனால் உள்ளே துரு ஓடிக்கொண்டிருக்க வாய்ப்பு மிக அதிகம். துரு, தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும்; கம்பியை மூடியிருக்கும் கான்கிரீட் (கவர்) வெடித்து உதிர்வது அதனால்தான்.

பழைய கான்கிரீட்டின் தலையில் படிந்த பால்படலம் என்ற பலவீனமான சிமென்ட் ஏட்டையும் ஜல்லி தெரியும்வரை கொத்தி எடுக்காமல் புதிதைக் கொட்டினால் அந்த இணைப்பு பலவீனக் கோடாக நின்றுவிடும்.

நான்கு நாளுக்கு ஒரு மாடி என்று சொல்லியிருக்கிறார்கள். கான்கிரீட் வார்க்கும் அச்சுப் பலகை மாடிக்கு மாடி தானாக ஏறும் சென்ட்ரிங்கில் முடியாததல்ல. ஆனால் இந்த வேகத்தில் மறுநாளே பலகையைப் பிரித்துவிடுவார்கள். ஜெத்தா வெயிலில் ஈரம் போகாமல் காக்கும் கியூரிங் பூச்சை உடனே அடிக்காவிட்டால் மேல்தோல் காய்ந்து நுண்துளை விழும். உப்பு நுழைவது அந்த வழியாகத்தான்.

இந்தச் செய்தியைச் சென்னை வாசகர்கள் தள்ளி நின்று படிக்க வேண்டியதில்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் கம்பி நீட்டியபடி வருடக்கணக்காக நிற்கும் கட்டடங்கள் உண்டு. அப்படி நின்று மறுபடி தொடங்கிய திட்டத்தில் வீடு வாங்குவோர் முன்பணம் தருமுன் மூன்றைக் கேளுங்கள்: வேலை தொடங்கியபின் எடுத்த குளோரைடு அறிக்கை, கம்பியின் எடை மற்றும் இழுவைச் சோதனை முடிவு, கழித்த கம்பிக்குப் பதில் எங்கே, எப்படிப் புதிது இணைத்தார்கள் என்ற வரைபடம். மாதிரி வீட்டைக் காட்டிப் பேச்சை மாற்றினால், அந்த அறிக்கைகள் வரும்வரை கையெழுத்துப் போடாதீர்கள்.

— கட்டமைப்புப் பொறியாளர்கள் சிலர், சென்னை