சொந்தக் காரை வாடகைக்கு விட முறையான சட்டம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வீட்டில் சும்மா நிற்கும் காரைச் செயலி வழியாக அறிமுகமில்லாதவருக்கு வாடகைக்கு விடும் பழக்கம் நம் ஊர்களிலும் பரவிவிட்டது. மாதத் தவணைக்கு உதவுமே என்று பலர் இறங்குகிறார்கள். தவறில்லை. ஆனால், வெள்ளை நம்பர் பலகை கொண்ட சொந்த உபயோக வண்டியை வாடகைக்கு விடுவது பர்மிட் விதிமீறல். மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு அபராதம் 10,000 ரூபாய் வரை போகலாம்.

அதைவிடப் பெரிய கவலை காப்பீடு. சொந்த உபயோகத்துக்கான பாலிசியில் வாடகைக்கு விடக்கூடாது என்று தெளிவாகவே இருக்கிறது. விபத்தில் ஒருவர் இறந்தால், காப்பீட்டு நிறுவனம் இழப்பீட்டைக் கொடுத்துவிட்டு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளலாம் என்று நீதிமன்றங்கள் உத்தரவிடுவதுண்டு. அப்புறம் வீட்டையே விற்க வேண்டியதுதான்.

சரி, ஓட்டுநர் இல்லாமல் வாடகைக்கு விடும் வண்டிகளுக்கான கறுப்புப் பலகைக்கு மாறலாமே என்றால், 1989ஆம் ஆண்டு வாடகை வண்டித் திட்டம் குறைந்தது 50 வண்டிகள் வைத்திருப்பவருக்கே உரிமம் என்று வகுத்தது. ஒற்றைக் கார்க்காரர் எங்கே போவார்?

கலிஃபோர்னியா 2010இலேயே இதற்குச் சட்டம் இயற்றியது. அதன்படி, வாடகை நேரத்தில் காப்பீட்டுப் பொறுப்பு முழுவதும் செயலி நிறுவனத்துடையது. கார் வைத்திருக்க ஆகும் செலவைவிட வாடகை வருமானம் அதிகமாகாதவரை அது சொந்த வண்டியாகவே கருதப்படும். அதேபோல, வாடகை நேரத்துக்கான காப்பீட்டை நிறுவனமே எடுக்க வேண்டும் என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் உடனே விதி கொண்டுவர வேண்டும். அதுவரை, பாலிசி நிபந்தனையைத் தமிழில் காட்டாமல் எந்தக் காரையும் செயலியில் சேர்க்கக்கூடாது என்றாவது தமிழக அரசு வலியுறுத்தட்டும்.

- வாசகர், கோயம்புத்தூர்