மால்டாவுக்குப் புதிதாக வந்தவர்கள் கவனத்துக்கு

புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு வணக்கம். ஒரே கேள்விகள் திரும்பத் திரும்ப வருவதால் மொத்தமாக எழுதிவிடுகிறேன்.

வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன், கரண்ட் பில் கணக்கில் வீட்டில் எத்தனை பேர் என்று பதிந்திருக்கிறது எனக் கேளுங்கள். உங்கள் பெயர் அதில் ஏறாவிட்டால் கட்டணம் கூடும். கேட்கக் கூச்சப்பட்டு நான் எட்டு மாதம் அதிகமாகக் கட்டினேன்.

வெயில் தீவுதானே என்று ஸ்வெட்டரை ஊரில் விட்டுவிட்டு வராதீர்கள். ஜனவரியில் இந்தச் சுண்ணாம்புக்கல் வீடுகள் வெளியைவிட உள்ளே குளிரும். என் அலமாரியில் இருந்த தோல் செருப்பு பச்சையாகப் பூத்தே போனது! ஈரம் உறிஞ்சும் மெஷின் ஒன்று வாங்கினால் அது வீண் செலவில்லை.

குழாய்த் தண்ணீரில் பெரும்பகுதி உப்பு நீக்கிய கடல்நீர். குடிக்கலாம், டீக்குத்தான் சரிப்படாது. காலி தண்ணீர் பாட்டிலைக் குப்பையில் எறியாதீர்கள்; காலி பாட்டிலைத் திரும்ப வாங்கும் மெஷினில் போட்டால் 10 சென்ட் திரும்ப வரும். பஸ்ஸுக்கு உங்கள் பெயரில் தல்லின்யா கார்டு எடுத்துவிடுங்கள், வழக்கமான ரூட்டுகளில் 2022 அக்டோபரிலிருந்து காசில்லை.

அப்புறம், ஆகஸ்ட் 15 சாந்தா மரியா பெருவிழா. பல கடைகள் மூடியிருக்கும். அரிசி, பாலை முந்தின நாளே வாங்கிவையுங்கள்.