பைக் கொடுக்கும்போது கேட்காத லைசன்ஸ்

ஆசிரியர் அவர்களுக்கு,

திருகோணமலை கண்டி வீதியில் சின்னதாக ஒரு மோட்டார் சைக்கிள் கராஜ் வைத்திருக்கிறேன், 19 வருடமாகிறது. காலையில் கடை திறந்ததும் உங்கள் பேப்பரை முதலில் வாசிப்பது நான்தான், பின்னேரம் அதையே விரித்து அதன்மேல் கார்புரேட்டரைக் கழற்றிப் போடுவதும் நான்தான், மன்னித்துக்கொள்ளுங்கள். வீதி விபத்து என்று செய்தி வரும்போதெல்லாம் இளைஞர்கள் தலைகால் தெரியாமல் ஓடுகிறார்கள், பெற்றோர் கவனிப்பதில்லை என்று யாராவது எழுதுகிறார்கள். ஓடுகிறார்கள்தான், நான் இல்லையென்று சொல்லவில்லை, என் கடைக்கு வருகிற பைக்குகளின் முன் டயரைப் பார்த்தாலே தெரியும். ஆனால் அந்தப் பெடியன்களின் கையில் பைக் எப்படி வருகிறது, லைசன்ஸ் எப்போது வருகிறது, அவர்கள் கட்டுகிற இன்சூரன்ஸ் யாருடைய காசைக் காக்கிறது என்று ஒருவரும் எழுதியதை நான் காணவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

கடையின் பின் சுவரோடு நீலத் தறப்பாளுக்குக் கீழே ஒரு 150 சீசீ பல்சர் ஆறு மாதமாக நிற்கிறது. முன் ஃபோர்க் குழாய் இரண்டையும் கழற்றி சீமெந்துத் தரையில் உருட்டிப் பார்த்தேன். ஒன்று ஓரளவு உருண்டது, மற்றது இரண்டு முழம் நொண்டிப் போய் நின்றுவிட்டது. டாங்கியில் ஒட்டின ‘கோணேசர் துணை’ ஸ்டிக்கரில் ஒரு கீறல்கூட இல்லை. சீட்டைத் தூக்கினால் உள்ளே, பழகுகிறவர்கள் பைக்கில் கட்ட வேண்டிய L போட் ஒன்று கிடந்தது, வாங்கின பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல். உடையவனுக்கு 19 வயது, சாம்பல்தீவுப் பக்கம், ஏ.எல். பரீட்சை எடுத்துவிட்டு நிலாவெளியில் ஒரு ஹோட்டலில் வேலை. இரவு 11 மணிக்கு வேலை முடிந்து வரும்போது வளைவில் மாடு. எங்கள் ஊரில் றோட்டில் மாடு படுப்பது என்ன புதினமா, டவுனுக்குள் மான்களே நடுறோட்டில் நின்று அசைபோடுகின்றன. பெடியன் தோள்பட்டை எலும்போடு தப்பிவிட்டான், மாடு எழும்பிப் போய்விட்டதாம்.

“ஃபுல் இன்சூரன்ஸ் இருக்கு அண்ணா, ஒண்டுக்கும் யோசிக்காமச் செய்யுங்கோ” என்று சொல்லித்தான் லாண்ட்மாஸ்டர் உழவு மெஷினில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கினார்கள். இருந்தது, பொய்யில்லை. லீசிங்கில், அதாவது கம்பனியிடம் தவணைக் கடனில் எடுத்த பைக், முழுக் காப்புறுதி போடாமல் கம்பனி தராது. கிளெய்முக்குப் போனபோது முதல் கேள்வியே லைசன்ஸ் எங்கே என்பதுதான். அவனிடம் இருந்தது பயிற்சிக்குக் கொடுக்கிற பெர்மிட், அதுவும் திகதி முடிந்தது. கிளெய்ம் இல்லை என்று கடிதம் வந்தது. தவணை மட்டும் நிற்கவில்லை. ஓடாத பைக்குக்கு மாதாமாதம் தாய் கட்டிக்கொண்டிருக்கிறா, ஒரு மாதம் காதில் கிடந்தது அடைவுக்குப் போனதும் எனக்குத் தெரியும்.

சட்டப்படி கம்பனி செய்தது பிழையில்லை. லைசன்ஸ் இல்லாதவன் ஓட்டினால் பணம் இல்லை என்று பொலிசியில் எழுதியிருக்கிறது, நானே வாசித்தேன். எனக்கு விளங்காதது வேறு. பைக்கைக் கொடுத்த கடை லைசன்ஸ் கேட்கவில்லை. லீசிங் போட்டவர் கேட்கவில்லை. அடையாள அட்டை, சம்பளச் சீட்டு, கையெழுத்து வைக்க இரண்டு பிணை, அவ்வளவுதான், மத்தியானம் போனவன் பின்னேரம் பைக்கோடு வீட்டுக்குப் போகலாம். இன்சூரன்ஸ் எழுதினவரும் கேட்கவில்லை, சிரித்துக்கொண்டு காசை வாங்கி கவர் நோட் கிழித்துக் கொடுத்தார். ஒருவரும் கேட்காத அந்த லைசன்ஸை முதல் முதலாகக் கேட்டது, கையைக் கட்டுப்போட்டுக்கொண்டு அவன் போய் நின்ற அன்றைக்குத்தான்.

லைசன்ஸ் எடுத்திருக்கலாமே என்பீர்கள். எடுக்கத்தான் வேண்டும். எடுக்கிற வழியைக் கொஞ்சம் பாருங்கள். மெடிக்கலுக்கு ஒரு நாள். எழுத்துப் பரீட்சைக்குத் திகதி எடுக்க ஒரு நாள், 40 கேள்விக்கும் விடையெழுத இன்னொரு நாள். பாஸ் பண்ணினால் பெர்மிட், பிறகு மாதக்கணக்கில் காத்திருந்து ட்ரயல் என்கிற ஓடிக் காட்டும் பரீட்சை, அதில் கால் ஊன்றினால் திரும்பவும் முதலிலிருந்து காத்திருப்பு. தினச்சம்பளத்துக்கு நிற்கிற பெடியனுக்கு ஒவ்வொரு நாளும் ஒரு நாள் சம்பளம். ஓடப் பழக்குகிற லேனர்ஸ்காரருக்குக் கட்டுவது, கட்டணங்கள், போட்டோ, போக்குவரத்து என்று என் மருமகனுக்குப் போன வருடம் எல்லாமாக 25,000 ரூபாவைத் தாண்டியது. இந்த 25,000 எங்கேயோ கேட்ட எண்ணாக இருக்கிறதே என்று யோசித்தேன். 2016 நவம்பரில் வாசித்த 2017க்கான வரவு செலவுத் திட்டத்தில் லைசன்ஸ் இல்லாமல் ஓட்டுவது போன்ற சில குற்றங்களுக்குக் குறைந்த தண்டப்பணம் என்று அறிவித்ததும், தனியார் பஸ்காரர்கள் வேலைநிறுத்தம் செய்ததும் அதே 25,000க்குத்தான். ஆக, பெடியன் போடுகிற கணக்கு இதுதான்: லைசன்ஸுக்கு 25,000 கட்டாயம் போகும், பொலிஸ் பிடித்தால்தான் இந்த 25,000 போகும். செக்பொயின்ட் எங்கே நிற்கிறது என்று வாட்ஸ்அப்பில் வந்துவிடுகிறது. பிழையான கணக்குத்தான், ஒரு முறை எடுத்த லைசன்ஸ் 8 வருடத்துக்கு ஓடும், வருடத்துக்குப் பிரித்தால் 3,000 ரூபா சொச்சம், ஒரு ஹெல்மெட் காசும் வராது. ஆனால் 19 வயதில் யார் எட்டு வருடத்துக்குப் பிரித்துப் பார்க்கிறார்கள், நானும் பார்க்கவில்லை.

ட்ரயல் என்றதும் எட்டுப் போடுவது ஞாபகம் வருகிறது. காலை நிலத்தில் வைக்காமல் எட்டுப் போட்டு வந்தால் பைக் ஓடத் தெரியும் என்று அர்த்தம். நடைவேகத்தில், மைதானத்தில், வெயிலில். பெரும்பாலும் லேனர்ஸ்காரரின் பழைய சின்ன பைக்கில், அது தானாகவே எட்டுப் போடும், அவ்வளவு பழக்கம். மழைக்காலத்தில் சீனக்குடாப் பக்கம் றோட்டில் மணல் பரவிக் கிடக்கும்போது முன் பிரேக்கை எவ்வளவு பிடிப்பது, கந்தளாய் றோட்டில் கொன்டெய்னர் எதிரே வரும்போது அதன் காற்று எப்படித் தள்ளும், இரவில் டிம் போடாமல் வருகிற வாகனத்துக்கு எங்கே பார்ப்பது, இதெல்லாம் எட்டுக்குள் இல்லை. சட்டத்தில் A1 என்று 100 சீசீ வரைக்கும் ஒரு வகுப்பு இருக்கிறது, அதற்கு மேலே A. யோசித்துத்தான் பிரித்திருப்பார்கள். ஆனால் இப்போது பெண்பிள்ளைகள் ஓடுகிற ஸ்கூட்டியே 110 சீசீ. எல்லாரும் நேரே A எடுக்கிறார்கள், எட்டுப் போட்ட மறுநாளே 200 சீசீயில் ஏறினாலும் கேட்பாரில்லை.

லண்டனில் மைத்துனரின் மகன் இருக்கிறான், அவனுக்கும் பைக் பைத்தியம். அங்கே 17 வயதில் 125 சீசீ வரைதான். அதற்கும் முதலில் ஒரு நாள் பயிற்றுநரோடு மைதானத்திலும் பிறகு றோட்டிலும் ஓடிக் காட்டிச் சான்றிதழ் எடுத்தால்தான் L போட்டோடு வெளியே விடுவார்கள், அந்தச் சான்றிதழும் இரண்டு வருடத்துக்குத்தான். 19 வயதில் அடுத்த படி, எந்தப் பெரிய பைக்குக்கும் நேரே பரீட்சை எழுத 24 ஆக வேண்டும். இன்சூரன்ஸ் கேட்டால் அழுகிறான். வயது, எத்தனை வருடம் ஓடியிருக்கிறாய், எந்த ஏரியாவில் இரவு நிறுத்துகிறாய் என்று எல்லாம் கேட்டு, முதல் வருடம் அவனுக்குச் சொன்ன தொகை அவன் வாங்கின பழைய பைக்கின் விலையை விடக் கூட. அநியாயம் மாமா என்றான். அநியாயம்தான், ஏழைப் பிள்ளையால் முடியாது. ஆனால் ஒன்று, அங்கே இன்சூரன்ஸ்காரன் ஓடுகிற ஆளைப் பார்த்து விலை சொல்கிறான். இங்கே பைக்கை மட்டும் பார்க்கிறான். ஐம்பது வயதில் ஒரு நாளும் விழாத வாத்தியாரும் நேற்று கிளச் பிடிக்கப் பழகினவனும் ஒரே பைக்குக்கு ஏறக்குறைய ஒரே காசுதான் கட்டுகிறார்கள், வாத்தியாருக்குக் கிளெய்ம் எடுக்காத வருடங்களுக்கான கழிவு கிடைக்கும், அது மட்டும்தான் வித்தியாசம். ஆளைப் பார்க்கிற இடம் பொலிசியின் பின்பக்கத்துச் சின்ன எழுத்தில் இருக்கிறது. என்னிடம் வந்த ஒரு பொலிசியில், அனுபவம் குறைந்தவர் ஓடியிருந்தால் கிளெய்மில் முதல் பகுதியை அவரே கட்ட வேண்டும் என்று இருந்தது. வாங்கும்போது அதை யாரும் வாசித்துச் சொல்லவில்லை.

மூன்றாம் தரப்புக் காப்புறுதிதான் சட்டத்துக்குத் தேவை, பைக்குக்கு அது பெரிய காசில்லை. அது நீங்கள் மோதின ஆளுக்கு, உங்களுக்கோ உங்கள் பைக்குக்கோ இல்லை, இது தெரியாமலே பாதிப்பேர் ஓடுகிறார்கள். பொக்கட்டைக் கடிப்பது முழுக் காப்புறுதி, அது பைக்கின் பெறுமதியை வைத்துத்தான் கணக்கு. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், 2025இல்தான் திறந்தார்கள், அந்த ஐந்து வருடத்தில் மூன்று இலட்சத்துக்குள் எடுத்த ஸ்கூட்டியெல்லாம் பழசாகியும் ஆறு இலட்சம் சொன்னது, கூடவே இன்சூரன்ஸும் ஏறியது. அந்த விலைக்குக் கைக்காசு யாரிடம் இருக்கிறது? லீசிங்தான். லீசிங் என்றால் முழுக் காப்புறுதி. பைக் முழுதாகப் போனால் வருகிற காசு முதலில் லீசிங் கணக்குக்குப் போகும், மிச்சம் இருந்தால்தான் பெடியனுக்கு. அதாவது கம்பனியின் காசைக் காப்பாற்ற பெடியன் கட்டுகிறான். கட்டட்டும், கடன் கொடுத்தவன் கேட்பான்தான். ஆனால் லைசன்ஸ் இல்லாதவனிடம் இருந்து அந்தக் காசை வாங்குகிறபோது, விபத்து நடந்தால் ஒரு சதமும் கொடுக்கப்போவதில்லை என்று வாங்குகிறவருக்கு அன்றைக்கே தெரியும் அல்லவா? மாட்டுத்தரகன்கூட பால் தராத மாட்டை இப்படி விற்கமாட்டான்.

நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. இன்சூரன்ஸ் படிவத்தில் ஒரு வரி, இந்த பைக்கை ஓடப்போவது யார், அவருடைய லைசன்ஸ் இலக்கம் என்ன, என்ன வகுப்பு. இலக்கம் இல்லையென்றால் பொலிசி இல்லை, பொலிசி இல்லையென்றால் லீசிங் இல்லை, வருடாந்த வரிப்பத்திரமும் எடுக்க முடியாது. பைக் வாங்குகிறவர்தான் ஓட வேண்டும் என்று இல்லையே, தகப்பன் மகளுக்கு வாங்கிக் கொடுப்பார், வெளிநாட்டில் இருப்பவர் தம்பிக்கு எடுத்துக் கொடுப்பார் என்று ஒரு இன்சூரன்ஸ்காரர் என்னிடம் வாதாடினார். சரி, அந்த மகளுடைய லைசன்ஸைக் கேளுங்கள், அந்தத் தம்பியுடையதைக் கேளுங்கள். வியாபாரம் குறையும் என்றார் பிறகு. அதைத்தான் முதலிலேயே சொல்லியிருக்கலாம்.

அடுத்தது ட்ரயல் திகதிகள். கிண்ணியா, மூதூர், புல்மோட்டைப் பெடியன்கள் ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு வருகிறார்கள், வந்தால் ஆள் கூட, திரும்பப் போ என்கிறார்கள். மாதத்தில் ஒரு சனிக்கிழமை அந்தந்தப் பக்கம் நடமாடும் சேவை வைத்தால் பாதிப் பேர் தாங்களாகவே வருவார்கள். பிள்ளைக்கு பைக் எடுத்துக் கொடுக்கப்போகிற தாய் தகப்பனுக்கும் ஒன்று: லைசன்ஸ் கையில் வரும் வரைக்கும் கடைப்பக்கம் போகாதீர்கள். வாசலில் பைக் நின்றால் அவன் L போட் கட்டிக்கொண்டு ஓடமாட்டான், சிநேகிதன்கள் சிரிப்பார்கள், அந்த வயது அப்படி. மகன் கேட்டுக் கேட்டு சாப்பிடாமல் கிடந்தாலும், ஆறு மாதம் பஸ்ஸில் போகட்டும்.

தறப்பாள் பைக்கின் சொந்தக்காரன் போன கிழமை வந்திருந்தான். தோள் சுகம். எழுத்துப் பரீட்சை திரும்ப எழுதி 40க்கு 37 எடுத்திருக்கிறான், புது பெர்மிட்டைக் காட்டினான், ஃபோர்க் குழாய் என்ன விலை என்று கேட்டான், சொன்னதும் ஒன்றும் பேசவில்லை. என்னிடம் ஒரு பழைய சீ.டி. 100 இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் காலை 6 மணிக்கு, வெயில் ஏறுமுன், மைதானத்தில் அதை ஓடிப் பழகுகிறான், எட்டு முடித்து இப்போது முன் பிரேக்கில் நிற்கிறோம். பின்னால் கட்டியிருப்பது அவனுடைய சீட்டுக்குள் கிடந்த அதே L போட்தான், உறையை நான்தான் கிழித்தேன்.

இப்படிக்கு,
ஒரு கராஜ்காரர்,
கண்டி வீதி, திருகோணமலை.