வாங்கும் மின்சாரத்துடன் ஆற்றின் பெயரும் வரட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அண்டை நாடுகளிலிருந்து சிங்கப்பூர் மின்சாரம் தருவிப்பது பற்றித் தங்கள் நாளிதழில் வெளிவரும் செய்திகளைத் தொடர்ந்து படித்து வருகிறேன். 2022 ஜூன் மாதம் முதல் லாவோஸின் நீர்மின்சாரம் தாய்லாந்து, மலேசியா வழியாக 100 மெகாவாட் வரை நமக்கு வரத் தொடங்கியதும், 2035ஆம் ஆண்டுக்கான இறக்குமதி இலக்கு 4 கிகாவாட்டிலிருந்து ஏறத்தாழ 6 கிகாவாட்டாக உயர்த்தப்பட்டதும் வாசகர்கள் அறிந்தவையே. நமது மின்சாரத்தில் ஏறக்குறைய 95 விழுக்காடு இயற்கை எரிவாயுவிலிருந்தே கிடைக்கும் நிலையில், இந்த முயற்சி தேவையானது என்பதில் எனக்கு ஐயமில்லை. விசையுடன் பாயும் ஆறு நம் தீவில் இல்லை. தெங்கே நீர்த்தேக்கத்தில் மிதக்கவிட்டிருப்பதைப் போன்ற சூரியத் தகடுகளை அமைக்கவும் இடம் சுருங்கியது. ஆயினும் 'கரிமம் குறைந்தது' என்னும் அடைமொழி புகையை மட்டுமே கணக்கில் கொள்கிறது, ஆற்றுக்கு நேர்வதை அது அளப்பதில்லை. நாம் வாங்கும் நீர்மின்சாரம் எந்த ஆற்றிலிருந்து, எந்த அணையிலிருந்து வருகிறது என்பதையும், அந்த ஆறு இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்பதையும் பொதுமக்களுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன், பிப்ரவரி மாதத்தில், குடும்பத்துடன் லாவோஸின் லுவாங் பிரபாங் நகருக்குச் சென்றிருந்தேன். மழையில்லாத மாதங்களில் மெக்கோங் ஆறு இறங்கும்போது வெளிப்படும் வண்டல் கரையில் அங்குள்ளவர்கள் கீரையும் பயறும் நிலக்கடலையும் பயிரிடுகிறார்கள். மூங்கில் வேலி கட்டிய அப்படியொரு பாத்தியின் ஓரத்தில் ஓர் அம்மையார் சேறு படிந்த கீரைக் கட்டுகளை ஒவ்வொன்றாக அலசிக்கொண்டிருந்தார். இரவோடு இரவாக ஆறு ஏறிவிட்டதாகவும், மழையே இல்லாத மாதத்தில் இப்படி ஏறுவது முன்பெல்லாம் வழக்கமில்லை என்றும் அவர் கூறியதைப் படகோட்டி எங்களுக்கு மொழிபெயர்த்துச் சொன்னார். அது எந்த அணையால் நேர்ந்தது என்று அவருக்குத் தெரியவில்லை, எனக்கும் தெரியாது. ஆனால் மின்தேவை கூடும் வேளையில் மதகைத் திறந்து, குறையும் வேளையில் மூடும் அணைகளுக்குக் கீழே ஆறு பருவத்தை மறந்து, மின்தேவைக்கேற்ப ஏறி இறங்கத் தொடங்கும் என்பது நீரியல் அறிந்தவர்கள் ஒப்புக்கொள்ளும் உண்மை. அந்த மின்தேவையின் ஒரு துளி, இரவு முழுவதும் குளிர்சாதனம் ஓடும் நம் வீடுகளிலிருந்தும் இனிச் செல்லக்கூடும்.

ஆற்று நீரின் நிறத்தைக் கொண்டே அதன் நலத்தை அறியும் பழக்கம் நமக்கு உண்டு. ஆடிப் பதினெட்டில் செம்மண் கலந்து நுரையுடன் வரும் புதுப்புனலைக் கண்டால்தான் காவிரிக் கரை மக்களின் மனம் நிறையும். 2019ஆம் ஆண்டின் இறுதியில் மெக்கோங் தன் பழுப்பு நிறத்தை இழந்து சில இடங்களில் கடல்போல் நீலமாக ஓடியபோது, அதைப் படமெடுத்து மகிழ்ந்தவர்கள் பலர். நீர் குறைந்து, வண்டலும் இல்லாமல் போனதன் அடையாளம் அது. மேலே அணைகளில் வண்டல் தங்கிவிட்டால், கீழே ஆறு தன் கரையையே அரித்துத் தின்னும். வியட்னாமின் கழிமுகத்து வயல்களுக்கு உரமும் போய்ச் சேராது. மழைக்காலத்தில் மெக்கோங்கின் வெள்ளம் பின்னோக்கிப் பாய்ந்து பல மடங்கு விரியச் செய்யும் கம்போடியாவின் தோன்லே சாப் ஏரி, அந்நாட்டு மக்கள் உண்ணும் மீனின் பெரும்பங்கைத் தருகிறது. வெள்ளம் காலம் தாழ்ந்தாலோ குறைந்தாலோ மீன்கள் முட்டையிட்டுப் பெருகும் இடமும் சுருங்கும்.

என் தந்தையின் முன்னோர் ஊர், 1934இல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணையின் நீர்த்தேக்கத்துக்குள் இருக்கிறது. நீர்மட்டம் வெகுவாக இறங்கும் ஆண்டுகளில் பண்ணவாடியில் ஜலகண்டேஸ்வரர் கோயிலின் நந்தி வெளியே தெரியும்; சிறுவனாக இருந்தபோது என்னை அழைத்துச் சென்று, நந்திக்கு அப்பால் வெறும் சேறாகக் கிடந்த இடத்தைச் சுட்டிக்காட்டி "அதுதான் நம்ம வாசல்" என்றார் தாத்தா. அந்த அணையால் தஞ்சைத் தரணி செழித்தது என்பதையும் அவரே பெருமையுடன் சொல்வார். மலேசியாவின் சரவாக் மாநில நீர்மின்சாரத்தைக் கடலடிக் கம்பிவடம் வழியாகக் கொண்டுவரும் திட்டம் பேசப்படும்போதெல்லாம் எனக்கு அந்தச் சேறு நினைவுக்கு வருகிறது. அங்குள்ள 2,400 மெகாவாட் பாக்குன் அணையின் நீர்த்தேக்கம் சுமார் 700 சதுர கிலோமீட்டர், அதாவது கிட்டத்தட்ட நம் சிங்கப்பூரின் பரப்பளவு. அதற்காகப் பூர்வகுடி மக்கள் ஏறத்தாழ 10,000 பேர் பல குடும்பங்கள் ஒரே கூரையின்கீழ் வாழும் தங்கள் நீளவீடுகளைவிட்டு சுங்கை ஆசாப்புக்குக் குடிபெயர்க்கப்பட்டார்கள். மூழ்கிய வெப்பமண்டலக் காடு மட்கும்போது மீத்தேன் வாயு வெளியேறும் என்பதால், 'கரிமம் குறைந்தது' என்ற கணக்கையே அணைக்கு அணை தனித்தனியாகப் பார்க்க வேண்டியுள்ளது.

வாங்குபவரின் சொல்லுக்கு மதிப்பில்லை என்று எண்ணிவிட வேண்டாம். 2019 அக்டோபரில் இயங்கத் தொடங்கிய லாவோஸில் மெக்கோங்கின் குறுக்கே உள்ள 1,285 மெகாவாட் சயாபுரி அணை, நீரைப் பெரிதாகத் தேக்காமல் ஓடும் நீரைப் பயன்படுத்தும் வகையைச் சேர்ந்தது என்று சொல்லப்பட்டாலும், கம்போடியாவும் வியட்னாமும் ஆட்சேபம் தெரிவித்த பிறகே அதன் வடிவமைப்பு திருத்தப்பட்டு, மீன்கள் அணையைக் கடந்து செல்வதற்கான மீன்வழிகளும் வண்டல் வெளியேறும் மதகுகளும் மேம்படுத்தப்பட்டன. அவை எவ்வளவு பயன் தருகின்றன என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை என்றாலும், கேட்டதால் மாற்றம் வந்தது என்பது முக்கியம். பணம் கொடுத்து வாங்கும் நாடு கேட்டால் அதற்கு இன்னும் வலு கூடும்.

எனவே நீர்மின்சார இறக்குமதிக்கு உரிமம் வழங்கும்போது, குறைந்தபட்ச நீரோட்டம், மீன்வழி, வண்டல் வெளியேற்றம், இடம்பெயர்ந்தோருக்கான இழப்பீடு ஆகியவற்றை எரிசக்திச் சந்தை ஆணையம் நிபந்தனைகளாகச் சேர்த்து, அவை கடைப்பிடிக்கப்படும் விவரத்தை ஆண்டுதோறும் நான்கு அதிகாரத்துவ மொழிகளிலும் வெளியிட வேண்டும். அக்கம்பக்கத்து வீடுகளைவிட நாம் எத்தனை யூனிட் கூடுதலாகச் செலவிட்டோம் என்று காட்டும் மின்கட்டண ரசீதில், அந்த ஆற்றின் பெயரைச் சேர்க்க ஒரு வரி போதும்.

இப்படிக்கு,
பீஷான் வாசகர்