பழைய லேப்டாப்ப தூக்கிப் போடாதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஓட வழக்கமான சப்போர்ட், அதாவது பாதுகாப்பு அப்டேட் தர்றது, முடிஞ்சாச்சு, அதுக்கப்புறம் மார்த்தாண்டம் பக்கம் ஒரு கடையில லேப்டாப்ப கொண்டு போனா புதுசு வாங்குங்கன்னு மட்டும்தான் சொல்றாங்க, விண்டோஸுக்குப் பதிலா போடுற இலவச லினக்ஸ் போட்டுத் தாங்கன்னா அது படிச்சவங்களுக்குள்ளதுன்னு ஒரே பதில். இது சரியில்ல. லினக்ஸ்ல ஒரு வகையான லினக்ஸ் மின்ட்ல ஒரு சாப்ட்வேர் வேணும்னா சாப்ட்வேர் மேனேஜர திறந்து பேர தேடி ஒரு கிளிக், அவ்வளவுதான், போன்ல ஆப் போடுற மாதிரி. டெர்மினல்ல, அதாவது கட்டளைய டைப் பண்ற விண்டோவுல பண்ணணும்னா முதல்ல சூடோ ஆப்ட் அப்டேட் (sudo apt update), இது எதையும் இன்ஸ்டால் பண்ணாது, என்னென்ன இருக்குங்கற பட்டியல மட்டும் புதுசாக்கும், பெறகு சூடோ ஆப்ட் இன்ஸ்டால்னு (sudo apt install) அடிச்சு பேர போட்டா அதுக்குத் தேவையான மத்த பைல்களையும் அதுவே சேத்து எடுத்துக்கிடும். பாஸ்வேர்ட் அடிக்கும்போது ஸ்கிரீன்ல எழுத்துக்குப் பதிலா நட்சத்திரக் குறிதான் தெரியும், பயப்படாண்டாம், அது அப்படித்தான்! தமிழ் டைப்பிங்குக்கு ஐபஸ் எம்17என் (ibus-m17n) சாப்ட்வேர போட்டா தமிழ்99 கீபோர்டு முறை வந்துரும். விண்டோஸுக்கான இஎக்ஸ்இ (.exe) பைல டவுன்லோட் பண்ணி கிளிக் பண்ற பழக்கத்த மட்டும் விடணும், அது இங்க நேரா ஓடாது. கணக்கு எழுதுற டேலி மாதிரி விண்டோஸ் சாப்ட்வேரயே நம்பி இருக்கவங்க யோசிச்சு மாறுங்க.

களியக்காவிளை தாண்டினா கேரளா அரசுப் பள்ளிகள்ல பிள்ளைங்க லினக்ஸ்லதான் படிக்குது. நம்ம மாவட்டத்து நூலகங்கள்ல ஞாயித்துக்கிழமை ஒரு மணி நேரம் சொல்லிக் குடுக்க மாவட்ட நிர்வாகம் ஏற்பாடு பண்ணணும்.

இப்படிக்கு,
வாசகர், தக்கலை