பனிக்காலத்துல தர்மபுரிக்கு வர்றவங்களுக்கு ஒரு உருண்டை களி போடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்ங்க.

நான் தர்மபுரி டவுன்ல இருந்து எழுதறேன். டிசம்பர் மாசம் பொறந்தா போதும், உங்க பேப்பர்ல ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடுன்னு போட்டோவோட போடுறீங்க, எங்க போகலாம் என்ன சாப்பிடலாம்னு விவரமா எழுதறீங்க, ஆனா எங்க ஊரைப் பத்தின்னா ஒகேனக்கல் மட்டும் தான், அதுலயும் பரிசலும் மீன் வறுவலும் எண்ணெய்க் குளியலும் சொல்லிட்டு முடிச்சிடுறீங்க. அருவியைப் பாக்க வர்றவங்க தர்மபுரி பஸ் ஸ்டாண்டுல ஒரு டீ குடிச்சிட்டு அப்படியே போயிடுறாங்க, ரெண்டாயிரம் வருஷத்துப் பழைய ஊரு ஒண்ணு வழியில இருந்துச்சுன்னே அவங்களுக்குத் தெரியறதில்ல. ரொம்ப நாளா மனசுல இருக்கறது, இப்ப தான் எழுதறேன்.

போன மார்கழி தேய்பிறை அஷ்டமிக்கு அதியமான்கோட்டை கால பைரவர் கோயிலுக்குப் போயிருந்தேன். பூசணிக்காயை ரெண்டா வெட்டி எண்ணெய் ஊத்தி விளக்கு போடுறதுக்கு அன்னிக்கு எங்கெங்க இருந்தோ ஜனங்க வருவாங்க, பெங்களூரு வண்டி, சேலம் வண்டி, கோயம்புத்தூர் வண்டின்னு ரோட்டோரம் வரிசையா நிக்கும். எனக்குப் பக்கத்துல விளக்கு போட்டுக்கிட்டு இருந்த ஒரு பொண்ணு திருச்சியில இருந்து மாமியார், புள்ளைங்களோட வந்திருந்துச்சு. சாமி கும்பிட்டு முடிச்சு வெளிய வந்து, "அக்கா, இந்த ஊருல ஸ்பெஷலா என்ன சாப்பிடலாம், எங்க கிடைக்கும்?"னு கேட்டுச்சு. காலையில வழியில ஒரு ஹோட்டல்ல ஆறிப்போன பரோட்டாவும் புளிச்சுப்போன குருமாவும் சாப்பிட்டு சின்னவனுக்கு வயித்து வலின்னும் சொல்லுச்சு. எனக்கு பதில் சொல்ல வாய் வரல. ஸ்பெஷல் எல்லாம் இருக்கு, எங்க ஒவ்வொரு வீட்டு அடுப்புலயும் இருக்கு, ஆனா காசு கொடுத்து சாப்பிட இங்க போன்னு கைகாட்ட ஒரு இடம் எனக்கு ஞாபகத்துக்கு வரல. அதனால வாங்க நம்ம வீட்டுக்கேன்னு கூட்டிட்டு வந்துட்டேன்.

அன்னிக்கு எங்க வீட்ல பிதுக்குப் பருப்புக் குழம்பு. பச்சை அவரைக் கொட்டையைத் தோல் நீக்கிப் பிதுக்கி எடுக்கறது தான் பிதுக்குப் பருப்பு. இதை வெளியூர்க்காரங்களுக்கு சொன்னா புரியாது, பாத்தா தான் புரியும், அதனால கொஞ்சம் விவரமா சொல்லிடுறேன். இங்க மானாவாரிக் காட்டுல ஆடி ஆவணியில ராகி விதைக்கும் போதே நடுநடுவுல சால் விட்டு அவரையும் போட்டுடுவாங்க, ராகி கார்த்திகை மார்கழியில அறுவடைக்கு வந்துடும், நாட்டு அவரை அப்ப தான் காய்க்க ஆரம்பிக்கும், ஏன்னா அது பகல் பொழுது குறைஞ்சா தான் பூ எடுக்கற செடி, வெயில் காலத்துல என்ன தண்ணி பாய்ச்சினாலும் பூக்காது. பனி இறங்கின காய்ல ஒரு பிசுக்கு இருக்கும், உரிச்சா ரெண்டு நாளைக்கு விரல்ல அந்த வாசம் போகாது, சந்தையில எங்க ஆயா காயை மோந்து பாத்து தான் வாங்குவாங்க, வாசம் இல்லாததை வெச்சிட்டு அடுத்த கூடைக்குப் போயிடுவாங்க. காயை உரிச்சு கொட்டையை ராத்திரி தண்ணியில ஊறப் போட்டுட்டு, காலையில வாசல் வெயில்ல உக்காந்து ஒண்ணொண்ணா கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல வெச்சு நுனியில ஒரு அழுத்து, பருப்பு வழுக்கிட்டு வெளிய வந்து விழும், தோல் விரல்லயே நிக்கும். ஒரு கிலோ பிதுக்க ரெண்டு மணி நேரம் ஆகும்ங்க. பக்கத்து வீட்டுக்காரங்க, எதிர் வீட்டுக்காரங்க எல்லாம் முறத்தோட வந்து உக்காந்துடுவாங்க, மார்கழி காலையில எங்க தெருவுல பேச்சு சத்தம் கேக்கறதே இதால தான்.

திருச்சிப் பொண்ணோட பெரிய பையன் நானும் பிதுக்கறேன்னு உக்காந்து பருப்பு தெறிச்சு சுவத்துல அடிக்கற அளவுக்கு ஆர்வமா பிதுக்கினான். அதுக்குள்ள நான் களிக்கு உலை வெச்சேன். நொய்யரிசி கொஞ்சம் போட்டு வெந்ததும் ராகி மாவை நடுவுல குவிச்சாப்புல கொட்டி, களிக்கோலால குத்தி ஓட்டை போட்டு கொஞ்ச நேரம் வேக விட்டு, அப்புறம் சட்டியை காலால அண்டக் கொடுத்துட்டு கிண்டணும், தோள்பட்டை வலிக்கும், ஆனா கட்டி தட்டாம வந்தா அது ஒரு சந்தோஷம். ஈரத் தட்டுல போட்டு உருட்டி, நடுவுல குழி பண்ணி தேங்காய் அரைச்சு ஊத்தின பிதுக்குப் பருப்புக் குழம்பை ஊத்திக் கொடுத்தேன். மெல்லாம முழுங்கணும்னு சொல்லிக் கொடுத்தேன். அந்த மாமியார் அம்மா ரெண்டாவது உருண்டை கேட்டு வாங்கி சாப்பிட்டாங்க. "இதை விட்டுட்டு ஏம்மா ரோட்டுல பரோட்டா விக்கறாங்க?"ன்னு அவங்க கேட்ட கேள்வியைத் தான் நான் இந்த லெட்டர்ல எல்லாருக்கும் கேக்கறேன்.

பெங்களூருல பாருங்க. கார்த்திகை மாசம் கடைசி திங்கக்கிழமை பசவனகுடி தொட்ட பசவண்ணா கோயில் பக்கத்துல கடலேகாய் பரிஷேன்னு நிலக்கடலைக்கு மட்டும் ஒரு திருவிழா, ரோடு முழுக்க கடலை மலை மலையா குவிச்சிருப்பாங்க. ஜனவரியில அவரைக்காய்க்குன்னே தனி மேளா, அவரைக்காய் தோசையில இருந்து ஜிலேபி வரைக்கும் கூட்டம் முண்டியடிச்சுக்கிட்டு வாங்கி சாப்பிடுது, எங்க சொந்தக்காரங்களே இங்க இருந்து போய் கியூவுல நின்னு சாப்பிட்டு வந்து பெருமையா சொல்றாங்க. அதே அவரை, அதே பனி, அதே ராகி நம்ம தர்மபுரி, கிருஷ்ணகிரி, ராயக்கோட்டை, பாலக்கோடு பக்கமும் தானே விளையுது. அவங்க கொண்டாடறதுல எனக்கு சந்தோஷம் தான், நாமளும் கொண்டாடணும்ங்கறது தான் என் ஆசை.

எங்க ஊருக்கு சாப்பாட்டைப் பத்தி சொல்ல சரித்திரமே இருக்குதுங்க. தர்மபுரிக்குப் பழைய பேரு தகடூர், அதியமான் நெடுமான் அஞ்சி ஆண்ட ஊரு. அவரு ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்த கதை பள்ளிக்கூடத்துல படிக்காத புள்ளையே கிடையாது, அந்த நெல்லிக்காய் சீசன் வர்றதும் இந்தப் பனிக்காலத்துல தான். அதை விட எனக்குப் பிடிச்சது கரும்பு. அதியமானோட முன்னோர் தான் கரும்பை வெளிய இருந்து இந்த நாட்டுக்குக் கொண்டு வந்தாங்கன்னு ஔவையார் புறநானூறு 99-வது பாட்டுல சொல்லியிருக்காங்க. பொங்கலுக்கு தமிழ்நாடு முழுக்க கரும்பு கடிக்கறோம், அந்த கரும்போட பேரு சேந்து வர்ற ஊருல அதைச் சொல்ற ஒரு போர்டு கூட நான் பாத்ததில்ல. தர்மபுரி மியூசியத்துல நடுகற்கள் இருக்குது, மாடு மீட்கப் போய் செத்த வீரனுக்கு ஊரே கூடி நட்டு வெச்ச கல்லு, ஈட்டியும் வில்லுமா நிக்கறதைப் பாத்தா உடம்பு சிலிர்க்கும். அன்னிக்கு சாப்பிட்டு முடிச்சு அந்தக் குடும்பத்தை அங்க கூட்டிட்டுப் போனேன், ஒரு மணி நேரம் சுத்திப் பாத்தாங்க. தர்மபுரி கோட்டைக் கோயில்ல அடி தரையில படாம தொங்கற தூணைப் பாக்க நேரம் இல்லாம போச்சு.

அதனால நான் கேக்கறது இது தான். கார்த்திகையில ஆரம்பிச்சு தைப்பூசம் வரைக்கும் வாரக் கடைசியில ரெண்டு நாள், தர்மபுரியிலயோ அதியமான்கோட்டையிலயோ ஒரு பனிக்கால சாப்பாட்டுச் சந்தை போடணும். தைப்பூசத்துக்கு எங்க குமாரசாமிப்பேட்டை சிவசுப்பிரமணிய சுவாமி கோயில் தேரை பொம்பளைங்களே வடம் புடிச்சு இழுக்கறாங்க, அதைப் பாக்க வர்ற கூட்டத்துக்கு மேல ஒரு விளம்பரம் வேணுமா சொல்லுங்க. கிருஷ்ணகிரி பக்கம் பொங்கல் முடிஞ்சு எருது விடும் விழா நடக்கும், அதுக்கு வர்றவங்களையும் இங்க ஒரு வேளை சாப்பிட வைக்கலாம். மகளிர் குழு பொம்பளைங்ககிட்ட கடையை விடுங்க, அவங்க கையில இருக்குது இந்த ருசி. களி, பிதுக்குப் பருப்பு, கொள்ளுக் கடைசல், சாமைச் சோறு, பச்சைத் துவரை வேக வெச்சது, நாட்டுக்கோழிக் குழம்பு, நெல்லிக்காய் ஊறுகாய், புது வெல்லம், இவ்வளவு போதும்.

ஆனா ஒண்ணு, இதை ஸ்டேஜ் போட்டு மைக் செட்டு வெச்சு, சினிமாப் பாட்டு அலற விட்டு, ஓரத்துல நாலு கடை போட்டு முடிக்கற மாதிரி பண்ணிடாதீங்க. களின்னா கண்ணு முன்னால கிண்டி சூடா போடணும், ஆறிட்டா கல்லு மாதிரி ஆயிடும், டப்பாவுல அடைச்சு விக்கற பொருள் இல்ல அது. பிதுக்கறதையும் ஒரு திண்ணையில உக்காந்து செய்யட்டும், வர்ற குழந்தைங்க கூட உக்காந்து பிதுக்கட்டும். சாப்பிட்டுக் கை கழுவ தண்ணி, பொம்பளைங்களுக்கு சுத்தமான டாய்லெட், விலைப் பட்டியல், இது மூணும் இல்லாம எந்த விழாவும் நடத்த வேணாம். அவரை விளைவிக்கிற விவசாயி நேரா மூட்டையோட வந்து விக்கறதுக்கு ஒரு பக்கம் இடம் ஒதுக்கணும், மாசி வந்தா காய் முத்திப் போயிடும், அந்த ரெண்டரை மாசத்துல அவங்களுக்குக் கையில நாலு காசு நிக்கணும்.

2023-ஐ சிறுதானிய வருஷம்னு ஐ.நா. சபை அறிவிச்சிருந்துச்சு, அந்த வருஷம் நீலகிரியிலயும் எங்க தர்மபுரி மாவட்டத்துலயும் தான் ரேஷன்ல அரிசிக்குப் பதிலா 2 கிலோ ராகி கொடுக்க ஆரம்பிச்சாங்க. எங்க மாவட்டத்தை ராகிக்குன்னு தேடிப் புடிச்ச கவர்மெண்டுக்கு, அந்த ராகியில கிண்டுன களியை வெளியூர்க்காரங்களுக்குப் போட ஒரு இடம் ஒதுக்கறது பெரிய விஷயமா இருக்காதுன்னு நம்பறேன்.

திருச்சிப் பொண்ணு போன வாரம் போன் பண்ணுச்சு. இந்த மார்கழிக்கு அவங்க அக்கா குடும்பத்தையும் கூட்டிட்டு வருதாம், எட்டு பேரு. அவங்களுக்கு நான் வீட்லயே களி கிண்டிடுவேன். இந்த லெட்டரைப் படிச்சிட்டு வர்ற மத்தவங்களுக்கு எந்த இடத்தைக் கைகாட்டட்டும்னு மாவட்ட நிர்வாகமும் சுற்றுலாத் துறையும் சொல்லணும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
தர்மபுரி.